முப்பத்தொரு படங்களும் ஒரு திருத்தமும்

அக்டோபர் பிறந்தால் ஓவிய மாணவர்களின் இன்ஸ்டாகிராம் பக்கங்களில் கறுப்பு மை வழியும். அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர் தன் மைக்கோட்டைத் தேற்றிக்கொள்ள 2009-ல் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பயிற்சி அது; இங்க்டோபர் என்று பெயர். நாளுக்கு ஒரு படம், 31 நாளில் 31 படம். 2016 முதல் அவர் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சொல் குறித்த பட்டியலும் தருகிறார். நம் ஊர் மாணவர்களிடையே இது பாடத்திட்டத்தில் இல்லாத பாடமாகவே ஆகிவிட்டது. “விடாமப் போடு, போர்ட்ஃபோலியோ தேறிடும், வேலை தானா வரும்” என்று சீனியர்கள் சொல்கிறார்கள். கதைக்குப் படம் வரைவதைத் தொழிலாக்கிக்கொள்ள வரும் பிள்ளைக்கு இந்தப் பயிற்சி எதைத் தருகிறது, எதைத் தராமல் விடுகிறது என்று பார்க்கவேண்டிய நேரம் இது.

கொடுப்பது நிறைய. பென்சிலில் பழகிய கை ஒரே தாடையைப் பத்து முறை அழித்து வரையும். கடைசியில் தாள்தான் கிழியும். மையில் அது நடக்காது. தவறிய கோடு அங்கேயே கிடக்கும், அடுத்த கோடு அதை அனுசரித்துத்தான் போகவேண்டும். கை முடிவெடுக்கப் பழகுவது அங்கேதான். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி ஓவியர் ஆதிமூலம் வரைந்த காந்திக் கோட்டோவியங்களைப் பாருங்கள். கோடு எங்கும் தயங்கி நிற்பதில்லை. அந்தத் துணிவு நாள்தோறும் வரைந்தவருக்கே கைகூடும். நாகர்கோவிலிலோ திண்டுக்கல்லிலோ இருக்கும் பிள்ளைக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஒரு காலத்தில் படக்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சென்னையில் பத்திரிகை ஆபீஸ் படிகளாக ஏறி இறங்கவேண்டியிருந்தது. இன்று படம் அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதைச் சிறிதென்று சொல்ல எனக்கு மனம் வராது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அந்த 31 படங்களும் ஒன்றுக்கொன்று அந்நியம். இன்று மீன், நாளை கோட்டை, மறுநாள் ஒரு கிழவர். தொழிலில் வருவதோ கதை. முதல் பக்கத்தில் இரட்டைச் சடையோடு ஓடுகிற சிறுமி, இருபதாம் பக்கத்தில் கிணற்று மேட்டில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாலும் அவள்தான் என்று குழந்தைக்குத் தெரியவேண்டும். தாளை மடித்து அச்சடிப்பதால் படப் புத்தகம் பெரும்பாலும் 24 அல்லது 32 பக்கம். அதற்குள் கதை மூச்சுவிட வேண்டும். எழுத்துக்கு இடம் விடவேண்டும். இரண்டு பக்கம் சேர்ந்த படத்தில் யாருடைய முகமும் நடுத் தையலில் விழுந்துவிடக் கூடாது. தனிப்படமாகவே வரைந்து வளர்ந்த கைக்கு இந்தக் கணக்கு ஒன்றும் தெரிவதில்லை.

ஓவியர் மணியம் 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் பொன்னியின் செல்வன் தொடர்கதைக்கு வரைந்ததை இந்தக் கண்ணோடு பார்த்தால் வியப்பு கூடும். மூன்றரை ஆண்டு வந்தியத்தேவன் வந்தியத்தேவனாகவே இருந்தான். கொண்டையை வைத்தே நந்தினியை அடையாளம் காண முடிந்தது. என்ன வரையலாம் என்று அவர் தேடவில்லை, அந்த வாரத்து அத்தியாயம் கேட்டதை வரைந்தார். ஓவியர் கோபுலுவும் அப்படித்தான். ‘ஆனந்த விகடன்’ நகைச்சுவைத் துணுக்குக்கும் தில்லானா மோகனாம்பாள் தொடர்கதைக்கும் அவர் வரைந்தார், பிறகு விளம்பரத் துறைக்கும் போனார். கை ஒன்றுதான், எடுத்துக்கொண்ட எழுத்துக்கு ஏற்ப அது வளைந்தது. இன்றைய மாணவர் இரண்டாம் ஆண்டிலேயே “என் ஸ்டைல்” என்று ஒன்றைப் பூட்டிக்கொள்கிறார். எது லைக் வாங்கியதோ அதுவே ஸ்டைல் ஆகிவிடுகிறது.

சென்ற ஆண்டு கடைசி வருட மாணவி ஒருவர் தன் படங்களை என்னிடம் காட்ட வந்தார். கோடு அபாரம். இரண்டு பக்கக் கதை ஒன்றைக் கொடுத்தேன்: மழை இரவில் மகனுக்குச் சோறு வைத்துக் காத்திருக்கும் தாய், மகன் வருவதே இல்லை. மறுநாளே முடித்த படத்தோடு வந்தார். வாசலில் மகன் நனைந்தபடி நின்றிருந்தான். “கதையில அவன் வரலையேம்மா. மூணு ரஃப் போட்டுக்கிட்டு வா, பேசலாம்” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. “மாத்தினா அது என் படமா இருக்காது சார்.” இன்ஸ்டாகிராமில் ஆயிரக்கணக்கானவர்கள் பாராட்டிய கை, ஒரே ஒரு திருத்தத்தில் இப்படி ஒடிந்தது ஏன் என்று நான் பல நாள் யோசித்தேன். அவர் வரைந்த எந்தப் படத்துக்கும் அதுவரை யாரும் “இது வேண்டாம், வேறு” என்று சொன்னதில்லை. வேண்டாமென்று சொல்ல ஆசிரியர் குழு இல்லாத இடத்தில்தான் அவருடைய தன்னம்பிக்கை முழுவதும் வளர்ந்திருந்தது.

பணப் பேச்சும் அப்படியே. முப்பத்தொரு நாளும் இலவசமாகக் கொடுத்துப் பழகியவருக்கு முதல் வேலை வந்ததும் ரேட் சொல்ல நாக்கு எழாது. எத்தனை திருத்தம் வரை இந்தத் தொகை, அட்வான்ஸ் எவ்வளவு, பாதியில் நின்றுபோனால் என்ன என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்தவன். என் முதல் அட்டைப்படத்தை ஒரு பதிப்பகத்துக்கு வாய்ப்பேச்சில் கொடுத்தேன். சில வருடம் கழித்து அதே படத்தை வேறொரு புத்தகத்தின் மேல் பார்த்தேன், என் பெயர் இல்லாமல். சண்டை போட எனக்குச் சட்டம் தெரியாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்கவேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு; காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். உரிமையை விற்றபிறகும் “வரைந்தவன் நான்” என்று கோர 57-ஆம் பிரிவு இடம் தருகிறது. இந்த மூன்றும் தெரிந்த மாணவர் ரேட் பேசும்போது அவர் குரலே வேறாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே அக்டோபரைக் கைவிடச் சொல்லமாட்டேன். அந்த 31 நாளையும் ஒரே கதைக்குக் கொடுங்கள் என்பேன். பாட்டி சொன்ன கதையாக இருந்தாலும் போதும். முதல் வாரம் முழுக்கத் தீப்பெட்டி அளவு ரஃப் மட்டும். அதை வரையத் தெரியாத ஒருவரிடம், அம்மாவிடமோ பக்கத்து வீட்டுப் பையனிடமோ, கதை சொல்லாமல் காட்டுங்கள். அவர்கள் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடத்தில் திருத்தம் தொடங்குகிறது. அதற்குப் பிறகு மையைத் தொடலாம். இன்ஸ்டாகிராமில் போடுவதானால் திருத்துமுன் இருந்ததையும் சேர்த்துப் போடுங்கள். வேலை கொடுக்க வருபவர் பார்க்க விரும்புவது அதைத்தான்.

அந்த மாணவி பத்து நாள் கழித்து மூன்று ரஃபோடு திரும்பி வந்தார். இரண்டாவதில் தாயும் இல்லை, மகனும் இல்லை. ஒழுகும் கூரையின் கீழ் மூடி வைத்த தட்டு ஒன்று, மூடியின் மேல் ஒரு சொட்டு. அதைக் காட்டிவிட்டு, “இதை ஒரு பத்திரிகைக்கு அனுப்பப் போறேன் சார், எவ்வளவு கேக்கலாம்?” என்றார்.