முதுமையும் நிறைவேறாக் கனவும்: 'அப்' என்னும் சித்திரப்படம்
சித்திரப்படம் சிறுவர்க்கே உரியது என்னும் எண்ணம் பலரிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. அவ்வெண்ணத்தை மறுத்தற்கு ஏற்ற சான்று, அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அப்' என்னும் படமாகும். பீற் டொக்ரர் நெறியாள்கை செய்த இப்படம் அவ்வாண்டுக் கான் திரைப்பட விழாவின் தொடக்கப் படமாயிற்று. சித்திரப்படமொன்று அச்சிறப்பைப் பெற்றது அதுவே முதன்முறை. 2010இல் இதற்கு இரண்டு ஒஸ்கார் விருதுகளும் கிடைத்தன. எனினும் விருதுகள் ஒரு படைப்பின் புகழை உணர்த்துமேயன்றி, அதன் பொருளை உணர்த்தமாட்டா.

கதைத் தலைவனாகிய கார்ல் 78 வயதினன். பலூன் விற்றுப் பிழைத்தவன். மனைவி எல்லியை இழந்தவன். தென் அமெரிக்காவிலுள்ள பேரருவி ஒன்றன் அருகே வாழ்தல் வேண்டும் என்பது இருவரும் இளமையிற் கண்ட கனவு. வெனிசுவேலா நாட்டின் மேசைமலைகளையும் ஏஞ்சல் நீர்வீழ்ச்சியையும் தழுவியே அவ்வருவி வரையப்பட்டது. பயணத்துக்கெனச் சேர்த்த காசு, வண்டிச் சில்லுப் பழுதுக்கும், கால் முறிவுக்கும், மரம் விழுந்த கூரைக்குமாகக் கரைகின்றது. மகப்பேறும் வாய்க்கவில்லை. இவையனைத்தும் உரையாடலின்றி, இசையொன்றே துணையாகச் சில நிமிடங்களிற் காட்டப்படுகின்றன. எல்லி கணவனுக்குக் கழுத்துப்பட்டி கட்டும் செயல் மீண்டும் மீண்டும் வருதலால் ஆண்டுகள் கழிதல் உணர்த்தப்படுகின்றது. சொல்லாது விடுதலாற் சுவை மிகும் என்பதற்கு இப்பகுதி தக்க எடுத்துக்காட்டாகும்.

முதியோர் இல்லம் புகுமாறு பணிக்கப்பட்ட கார்ல், ஆயிரக்கணக்கான பலூன்களால் வீட்டையே வானில் எழுப்பி அருவியை நாடுகின்றான். ரசல் என்னும் சிறுவனும் எதிர்பாராது உடன் செல்ல நேர்கின்றது. கார்ல் சிறுபராயத்திற் போற்றிய மன்ற்ஸ் என்னும் நாடாய்வோன் அங்கு எதிர்ப்படுகின்றான். தான் கொணர்ந்த பறவை எலும்புக்கூட்டை அறிஞர் போலியெனத் தள்ளியமையால், அப்பறவையை உயிருடன் கொணர்வேன் எனச் சூளுரைத்துக் காட்டிலேயே மூத்தவன் அவன். இவ்விரு முதியவரையும் எதிரெதிர் நிறுத்தியமையிலேயே படத்தின் உயிர் தங்கியுள்ளது. மன்ற்ஸின் கனவு இழந்த மதிப்பை மீட்டற்கு எழுந்தது. அது பகைமையாய்த் திரிந்தது. கார்லின் கனவோ அன்பிற் பிறந்தது. ஆயினும் வீடு தீப்பற்றியபோது, அடைக்கலம் புகுந்த பறவையைக் கைவிட்டு அவன் வீட்டையே காக்கின்றான். அன்பின் நினைவும் மனிதனைக் கல்நெஞ்சனாக்கக் கூடும் என்னும் உண்மையைக் கூறத் துணிந்தமையே இப்படத்தின் தனிச்சிறப்பு.

பின்னர், எல்லியின் குறிப்பேட்டில் தான் ஒருபோதும் புரட்டிப் பாராத பக்கங்களைக் கார்ல் காண்கின்றான். அவற்றில் இருவரதும் இல்வாழ்க்கைப் படங்களே நிறைந்துள்ளன; புதியதொரு பயணத்தை மேற்கொள்ளுமாறு அவள் அளித்த விடையும் உளது. கனவு தோற்றது என்பது அவன் எண்ணம். வாழ்ந்த வாழ்வே கனவாயிற்று என்பது அவள் தீர்ப்பு. அதனை உணர்ந்தவன், சிறுவனையும் பறவையையும் மீட்கும்பொருட்டுத் தளபாடங்களை வெளியே வீச, பாரம் குறைந்த வீடு மீண்டும் எழுகின்றது.

படத்திற் குறை இல்லாமலில்லை. நாய்கள் விமானமோட்டும் வான்போர் முற்பகுதியின் அமைதிக்கு ஒவ்வவில்லை. அவமதிப்பால் நொந்த மன்ற்ஸும் ஈற்றில் வெறுங் கொடியவனாகச் சுருங்கி மடிகின்றான். அவன்பால் ஓரளவேனும் இரக்கம் காட்டப்பட்டிருப்பின், கார்ல் தப்பிய வீழ்ச்சியின் ஆழம் இன்னும் நன்கு விளங்கியிருக்கும்.

எல்லி சிறுமியாயிருந்தபோது கார்லுக்கு அணிவித்த சோடாப் போத்தல் மூடியை, தந்தை வாராத விழாவிலே அவன் ரசலின் மார்பில் அணிவிக்கின்றான். வீடோ, அவன் அறியாமலே, அருவியின் அருகே சென்று அமைகின்றது.