விலகாத வறுமையும் அதை விளக்க வந்தோரும்

மாத்தளை நகரில் மூட்டை சுமப்பவர்களையும், சாப்பாட்டுக் கடைகளில் தட்டுக் கழுவும் பையன்களையும், வீட்டு வேலைக்கு நிற்கும் பெண்களையும் ஊர் எது என்று விசாரித்தால், பலர் எல்கடுவை, இரத்தோட்டை, உக்குவளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பெயரைச் சொல்வார்கள். தோட்டத்தை விட்டு வந்த பிறகும் வறுமை ஏன் இவர்களை விடவில்லை? ஒரு சமூகவியல் விளக்கம் தேறுமா தேறாதா என்பதை நான் இந்தக் கேள்வியை வைத்தே பார்க்கிறேன்.

நகர வறுமை பற்றி நம்மிடையே அதிகம் புழங்குவது ஒஸ்கார் லூயிஸின் ‘வறுமைப் பண்பாடு’ என்ற கருத்து: வறுமையில் உருவாகும் வாழ்க்கைமுறை தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது என்பது. மெக்சிகோவிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் ஏழைக் குடும்பங்களோடு பழகி அவர் எழுதியது அது. அவர் ஏழைகளைப் பழிக்கவில்லை; பொருளாதார அமைப்பையும் சேர்த்தே பேசினார். ஆனால் அவர் பெயரைக் கேள்விப்படாதவர்களும் அந்தக் கருத்தின் மலிவான பதிப்பை நம் முன் நீட்டுகிறார்கள்: “தோட்டத்து ஆளுக குடிச்சே அழிவாங்க.” இப்படிப் பழிப்பது மலையகத் தமிழரான நம்மோடு மட்டும் நிற்பதல்ல. கண்டிச் சிங்களக் கிராமத்தவர் தோட்டக் கூலிக்கு வர மறுத்தபோது, கோப்பித் துரைமார் அவர்களைச் சோம்பேறிகள் என்றார்கள். இந்தப் பழி யாருக்குப் பயன்பட்டது என்பதை மலாய், ஜாவா, பிலிப்பைன்ஸ் மக்களை வைத்து சையத் ஹுசைன் அலட்டாஸ் 1977இல் விரிவாகக் காட்டினார்.

அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் ஜூலியஸ் வில்சன் 1987இல் வேறு திசையில் கைகாட்டினார். சிக்காகோவில் தொழிற்சாலைகள் போயின, வசதி கண்டவர்களும் வெளியேறினார்கள், மிஞ்சியவர்கள் தனித்துப் போனார்கள் என்பது அவர் வாதம். வாத்தியார் உத்தியோகம் கிடைத்ததும் குடும்பத்தோடு டவுனுக்கு இறங்குவோரை நினைத்தால் அதில் பாதி நமக்கும் பொருந்தும். மறுபாதி பொருந்தாது: நம் தோட்டங்களில் வேலை இருந்தது, கூலிதான் போதவில்லை.

என் அளவில் நமக்கு மிக அருகில் வருபவர் ஜமெய்க்காவின் ஜோர்ஜ் பெக்ஃபோர்ட். பெருந்தோட்டம் என்பது பயிர் மட்டுமல்ல, ஆட்களைக் கட்டிவைக்கும் ஏற்பாடு. அது இருக்கும்வரை வறுமையும் நீடிக்கும் என்று 1972இல் எழுதினார். தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் கங்காணியிடம் பட்ட கடனோடு தோட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். குடியிருப்பு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் கூரையும் போகும். இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களின் சந்ததியில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தோருக்கான சட்டம் 2003இல்தான் வந்தது. 2019 கணிப்பின்படி நகரத்தில் வறியோர் 6 வீதம், தோட்டத்தில் 33.8 வீதம்.

இந்த ஏற்பாடு நகரத்துக்கும் கூடவே வருகிறது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது, கடிதம் தோட்ட ஆபீசுக்குத்தான் போகும். நேர்முகத் தேர்வுக்கான கடிதம் தேதி கடந்த பின் கைக்கு வருவது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. லயக் காம்பிராவுக்கு உறுதி இல்லாததால் அதை வைத்துக் கடன் வாங்க முடியாது. டவுனில் ஓர் அறையை வாய்ப்பேச்சில் வாடகைக்கு எடுத்தவர், பிள்ளையை நல்ல பாடசாலையில் முதலாம் தரத்துக்குச் சேர்க்கப் போனால், வதிவிடத்தைக் காட்ட வாக்காளர் இடாப்பும் காணி உறுதியும் பதிவு செய்த ஒப்பந்தமும் கேட்பார்கள். மூன்றும் அவரிடம் இல்லை. தாத்தாவுக்குக் காணி இல்லாமல் போனது இங்கே பேரப்பிள்ளையின் பாடசாலையைத் தீர்மானிக்கிறது. குடியையும் பழக்கவழக்கத்தையும் மட்டும் பேசும் விளக்கம் இந்த இடத்தில் வாயடைத்து நிற்கும்.

இந்த ஏற்பாட்டைத் தளர்த்தும் மாற்றங்களும் தாமதமாகவே வந்தன: பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் செலவழிக்க இருந்த சட்டத் தடை விலகியதே 2018இல்தான். ஏழு பேர்ச் காணி, உறுதியோடு வீடு என்பதெல்லாம் சிலருக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. இந்த நிலையை வீடு வீடாக அறிய ஒரு முன்மாதிரி உண்டு: அமெரிக்கச் சமூகவியலாளர் டு பொய்ஸ், பிலடெல்பியாவின் ஏழாம் வட்டாரத்தில் கறுப்பின மக்களின் நிலையைக் கதவு கதவாகத் தட்டி விசாரித்து 1899இல் நூலாக்கினார். மாத்தளை நகரிலும் நம் உயர்தர மாணவர்கள் அதைச் செய்யலாம்: தாத்தா எந்தத் தோட்டம், வீட்டு உறுதி யார் பெயரில், கடிதம் எந்த முகவரிக்கு வருகிறது, பிள்ளை எந்தப் பாடசாலை.