கப்பாலாவும் தமிழ் மெய்ஞ்ஞான மரபும்: ஒப்பீட்டின் எல்லைகள்

முன்னுரை

தெப்ராவில் தமிழாசிரியர் சிலருடன் சமய இலக்கியம் குறித்து உரையாட நேர்ந்தபோது, பணி அனுபவம் மிக்க ஆசிரியர் ஒருவர் ஒரு வினாவை எழுப்பினார். யூதர்களின் மெய்ஞ்ஞான மரபாகிய ‘கப்பாலா’ என்பது நம் ‘கபாலம்’ என்னும் சொல்லிலிருந்து பிறந்ததுதானே என்பது அவர்தம் வினா. உச்சந்தலையில் திறக்கும் யோக வாயிலையே அச்சொல் குறிக்கிறது என்றும், சித்தர் நெறி மேற்கே சென்று அப்பெயரைப் பெற்றது என்றும் அவர் விளக்கம் தந்தார். அவ்விளக்கம் அங்கிருந்த பலருக்கும் மகிழ்ச்சி அளித்தது. அம்மகிழ்ச்சியே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று. ஒப்பிலக்கிய ஆய்வில் ஒற்றுமை காணும் ஆர்வம் எவ்விடத்தில் பயன் தருகிறது, எவ்விடத்தில் இரு மரபுகளையும் மறைத்துவிடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சொல்லும் சான்றும்

கப்பாலா என்னும் எபிரேயச் சொல், ‘பெறுதல், ஏற்றுக்கொள்ளுதல்’ என்னும் பொருளுடைய வேரிலிருந்து தோன்றியது. ஆசிரியரிடமிருந்து மாணவர் வழிவழியாகப் பெற்றுக்கொண்டது என்பதே அதன் கருத்து. மண்டையோட்டைக் குறிக்கும் கபாலத்தோடு அதற்கு ஒலியொற்றுமை அன்றி வேறு உறவில்லை. தமிழில் கப்பாலாவை ‘மறைஞானம்’ என மொழிபெயர்க்குமிடத்து மறைவு என்னும் கூறு மேலோங்குகிறது. பெறுதல் என்னும் கூறு நழுவிவிடுகிறது. குருமரபு என்னும் நம் வழக்கு அதற்கு நெருங்கியது எனலாம்.

தமிழுக்கும் எபிரேயத்துக்கும் சொல்லுறவே இல்லை என்பது இதன் பொருளன்று. விவிலியத்தின் அரசர் முதல் நூலில் சாலமோனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களுள் மயிலைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் ‘துகி’ என்னும் சொல் தமிழ்த் ‘தோகை’யோடு தொடர்புடையது என்பதைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டினார். அங்குச் சொல்லும் பொருளும் கடல் வாணிகமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. கபாலம் பற்றிய கருத்துக்கோ அத்தகைய துணை ஏதுமில்லை.

செப்பேடு உணர்த்தும் பாடம்

கி.பி. 1000ஐ ஒட்டிய காலத்தில் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன், ஈசுப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. அஞ்சுவண்ணம், பகல்விளக்கு, பாவாடை, குடை முதலிய சிறப்புகளோடு எழுபத்திரண்டு ‘விடுபேறு’களும் அவனுக்கு அளிக்கப்பட்டன. ஒற்றுமை தேடும் கண்ணுக்கு இஃது ஒரு பெரும் பொறியாகும். யாத்திராகமத்தின் 14ஆம் அதிகாரத்தில் அடுத்தடுத்து வரும் மூன்று வசனங்கள் ஒவ்வொன்றும் 72 எழுத்துகள் கொண்டவை. அவற்றிலிருந்து இறைவனின் 72 பெயர்களைக் கப்பாலா மரபினர் அமைத்தனர். தமிழிலோ ‘வீடுபேறு’ முத்தியைக் குறிக்கும். இவ்விரண்டையும் இணைத்துச் சேர மன்னன் யூதருக்கு 72 முத்தி வழிகளை அருளினான் என எழுதிவிடுவது எளிது. ஆயின், செப்பேட்டின் விடுபேறு என்பது வாணிகத் தலைவர்க்கு அரசு விட்டுக்கொடுத்த உரிமையே. மெய்ஞ்ஞானம் அங்கு இல்லை. வாணிகமும் அரசியலும் உள்ளன. உண்மையான உறவு கற்பனை உறவைக் காட்டிலும் சிறப்புடையது என்பதற்கு இச்செப்பேடே சான்று.

கொச்சியின் நெகேமியா மோத்தா

கப்பாலா மரபு தென்னிந்திய மண்ணில் வேர்கொண்டதற்கு உறுதியான சான்று கொச்சியில் கிடைக்கிறது. நெகேமியா மோத்தா என்னும் எபிரேயக் கவிஞரின் கல்லறை மட்டாஞ்சேரியில் உள்ளது. அதன் கல்வெட்டு அவரைப் புகழ்பெற்ற கப்பாலா அறிஞர் எனக் குறிப்பிடுகிறது. அவர் மறைந்தது எபிரேய ஆண்டு 5376, கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள். அதாவது, 1615ஆம் ஆண்டின் இறுதி. யூதர்களின் விளக்குத் திருவிழாவாகிய ஹனுக்காவின் முதல் நாளும் அதுவே. அவர் இயற்றிய துதிப்பாடல்கள் கொச்சி யூதர்களின் வழிபாட்டில் இடம்பெற்றன. யூதர் மட்டுமன்றி இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அக்கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி நேர்ந்துகொள்வதுண்டு. 1950களில் கொச்சி யூதருள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபின்னும் அந்நேர்த்தி மரபு அற்றுப்போகவில்லை. ஒருவரது அறிவின் உள்ளடக்கத்தை அறியாத அண்டை வீட்டாரும் அவரது தூய்மையைப் போற்ற முடியும் என்பதை இது காட்டுகிறது. எனினும், போற்றுதல் வேறு, புரிந்துகொள்ளுதல் வேறு. ஆய்வாளரின் கடமை இரண்டாவதாகும்.

மூன்று ஒப்பீடுகள்

முதலாவது, எழுத்து. ‘செபர் யெட்சிரா’ என்னும் பழைய நூல், 22 எபிரேய எழுத்துகளாலும் 10 செபிரோத்துகளாலும் உலகம் படைக்கப்பட்டதாகக் கூறுகிறது. திருமந்திரத்தின் ஒன்பது தந்திரங்களுள் நான்காவது, மந்திரத்தையும் சக்கரத்தையும் விரித்துரைக்கிறது. எழுத்து வெறும் குறியன்று, ஆற்றல் என்பதில் இரண்டும் உடன்படுகின்றன. ஆயினும், எபிரேய மரபில் எழுத்தின் ஆற்றல் எழுதப்பட்ட திருமறையோடு பிரிக்கவொண்ணாதது. திருமூலரிடத்தோ ஐந்தெழுத்து உடலினுள் மூச்சோடு இயங்குவது. ஒன்று ஏட்டை நோக்கிய தியானம். மற்றொன்று உடம்பையே ஏடாக்கிய தியானம்.

இரண்டாவது, உலகின் குறைபாடு. சஃபேத் நகரில் வாழ்ந்த ஈசாக்கு லூரியா (1534-1572) தந்த விளக்கத்தின்படி, எல்லையற்ற பரம்பொருள் படைப்புக்கு இடமளிக்கத் தன்னைச் சுருக்கிக்கொண்டது. அதன் ஒளியைத் தாங்கவியலாமல் கலங்கள் உடைந்தன. ஒளிப்பொறிகள் எங்கும் சிதறின. அப்பொறிகளை மீட்டுச் சீர்செய்வதே மாந்தர் கடன். ‘திக்குன்’ என்பது அதன் பெயர். ஜொகூர் பாருவில் தெப்ராவ் சாலையை ஒட்டியுள்ள இராஜகாளியம்மன் கண்ணாடிக் கோவிலை அறிந்த மாணவர்க்கு இக்கருத்தை விளக்குவது எளிது. எண்ணற்ற கண்ணாடித் துண்டுகளில் ஒரே விளக்கொளி சிதறித் தெரிவதை அவர்கள் கண்டுள்ளனர். ஆயின், அவ்வுவமைக்கும் எல்லையுண்டு. கோவிலின் துண்டுகள் திட்டமிட்டுப் பதிக்கப்பெற்றவை. லூரியா கூறும் உடைவோ ஒரு பேரிடர். 1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர் வெளியேற்றப்பட்ட துயரமே இக்கோட்பாட்டின் பின்னணி என்றார் கெர்ஷோம் ஷோலம். மோஷே இடேல் போன்ற பின்வந்த ஆய்வாளர் அதனை அப்படியே ஏற்கவில்லை. சைவ சித்தாந்தத்திலோ பதி, பசு, பாசம் மூன்றும் தொடக்கமற்றவை. உயிர் மலத்தினின்று விடுபட இறையருள் வேண்டும். இறைவனுக்கு உயிரின் உதவி வேண்டுவதில்லை. லூரியாவின் நெறியில் மனிதனின் ஒரு நற்செயல் விண்ணுலகின் ஒழுங்கையும் சீர்செய்கிறது. இவ்வேறுபாடு சிறிதன்று.

மூன்றாவது, இணைவு. ‘தெவேகூத்’ என்னும் சொல் ‘பற்றிக்கொண்டிருத்தல்’ எனப் பொருள்படும். முழுமையாக இரண்டறக் கலத்தல் யூத மரபில் அரிது என்பது ஷோலமின் கருத்து. அத்தகைய அனுபவக் கூற்றுகளும் உண்டு என இடேல் 1988இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். ஸோகர் தோன்றிய அதே 13ஆம் நூற்றாண்டில்தான் மெய்கண்டாரின் சிவஞானபோதமும் தோன்றியது. கலப்பிலும் உயிர் அழிவதில்லை என்னும் சித்தாந்த நிலைப்பாட்டைக் கற்ற நமக்கு, அவ்விருவரின் வாதம் அயலானதாகத் தோன்றாது. ஒப்பீடு மெய்யாகவே பயன்படும் இடம் இது: விடைகள் ஒன்றாக இல்லை, வினா ஒன்றாக உள்ளது.

அன்றாட வாழ்வு

சிவவாக்கியர் போன்ற சித்தர்கள் சடங்கைச் சாடினர் என்பதால் கப்பாலாவும் சடங்கு மறுப்பே என மாணவர் எழுதுவதுண்டு. உண்மை இதற்கு மாறானது. கப்பாலா அறிஞருள் பெரும்பாலோர் திருச்சட்டத்தை வழுவாது கடைப்பிடித்தவர்கள். ஓய்வுநாளும் உணவுக்கு முன் கூறும் வாழ்த்தும் இல்லறமும் அவர்க்குத் தியானக் களங்களாயின. 18ஆம் நூற்றாண்டில் பால் ஷெம் தோவ் தொடங்கிய ஹசிதிய இயக்கம், தொழிலிலும் உணவிலும் மகிழ்ச்சியோடு இறைவனைப் பற்றிநிற்கலாம் என எளிய மக்களுக்குக் கற்பித்தது. சடங்கை விட்டு விடுதலை காண்பதும் சடங்கின் உள்ளே ஆழம் காண்பதும் இருவேறு வழிகள். இரண்டையும் ஒன்றெனக் கூறின், சித்தரின் துணிவும் விளங்காது. யூத அறிஞரின் பொறுமையும் விளங்காது.

முடிவுரை

அனைத்து மெய்ஞ்ஞானமும் ஒன்றே என்னும் கூற்று நல்லெண்ணத்தில் பிறப்பது. ஆயினும், அது பிறரைக் கற்கும் உழைப்பிலிருந்து நம்மை விடுவித்துவிடுகிறது. பிறர் நம்மிடமிருந்து பெற்றவரே என்றாக்கி, கற்க ஒன்றுமில்லை என்னும் நிலைக்கும் இட்டுச்செல்கிறது. ஜொகூர் நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூரின் வாட்டர்லூ தெருவில், 1878இல் எழுந்த மகேன் அபோத் தொழுகைக்கூடமும் ஸ்ரீ கிருஷ்ணன் கோவிலும் ஒரே தெருவில் நெடுங்காலமாக நிற்கின்றன. அவை அண்டை வீடுகள். ஒரே வீடு அல்ல. யூதர் என்ற சொல்லை நாளேட்டு அரசியல் வழியாக மட்டுமே அறியும் மாணவர்க்கு, அவ்வண்டை வீட்டின் உள்ளே நிகழ்ந்த சிந்தனையை அதன் பெயரோடும் காலத்தோடும் அறிமுகப்படுத்துவது தமிழாசிரியர் ஆற்றக்கூடிய பணியே. அன்று வினா எழுப்பிய ஆசிரியருக்குரிய மறுமொழியும் இதுவே: கப்பாலா கபாலம் அன்று, அதனாலேயே அது நாம் கற்கத்தக்கது.