அண்ணன் வெளியே உட்காரட்டும்

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து செங்கல்பட்டு நீதிமன்றம் தூரமில்லை. ஆனால் விவாகரத்துக்கு வக்கீலைத் தேடும் பெண் பெரும்பாலும் அப்பாவோடோ அண்ணனோடோதான் போகிறாள். வக்கீலும் அவர்களிடமே பேசுகிறார். "கொஞ்சம் அனுசரிச்சுப் போகக் கூடாதாம்மா?" என்பது மட்டும் அவளுக்கான கேள்வி.

கேட்க வேண்டியவள் அவள். ஃபீஸ் எவ்வளவு? ஆஜராவது நீங்களா, ஜூனியரா? என்னைக் கேட்காமல் சமரசம் பேசுவீர்களா? ஜீவனாம்சத்தில் பங்கு கேட்பது பார் கவுன்சில் விதிப்படி தவறு என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் பார்க்காமல் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. இந்து திருமணச் சட்டத்தின் 2003 திருத்தப்படி, மனைவி தான் வசிக்கும் இடத்திலேயே மனு போடலாம். சட்டம் அவளையே கட்சிக்காரராகப் பார்க்கிறது. வக்கீல் அறையும் அப்படிப் பார்க்க, முதல் சந்திப்பில் அண்ணன் வெளியே உட்காரட்டும்.