சிதம்பர ரகசியமும் ஜூரி ரகசியமும்

சிதம்பரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ‘அமெரிக்காவில் கிராண்ட் ஜூரியில் உட்கார்ந்தவர்கள் பேட்டி கொடுக்கிறார்களாமே, ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்துவிட்டு இப்படிப் பேசலாமா சார்?’

ரகசியத்தையே தரிசனம் செய்கிற ஊர்க்காரர். லேசில் தள்ள முடியாது!

கிராண்ட் ஜூரி தண்டனை கொடுப்பதில்லை. வழக்குப் போட முகாந்திரம் உண்டா என்று மட்டும் சொல்லும். பொதுமக்களில் சிலர், மூடிய கதவு, உள்ளே அரசு வக்கீல். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இடமில்லை. ரகசியம் எதற்கு? சாட்சி பயப்படக் கூடாது. வழக்கே இல்லாதவர் பெயர் கெடக் கூடாது. நியாயம்தான்.

2023-ல் ஜார்ஜியாவில் ட்ரம்ப் விவகாரத்தை விசாரித்த ஜூரியின் தலைவி, குற்றச்சாட்டு பதிவாவதற்கு முன்பே சேனல் சேனலாகச் சிரித்துப் பேசினார். சட்டப்படி சரியாக இருக்கலாம். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆனால் 2020-ல் லூயிவில் நகரத்தில் நடந்தது வேறு. பிரியானா டெய்லர் என்ற பெண் தன் வீட்டிலேயே போலீஸ் குண்டுக்குப் பலியானார். அந்தச் சாவுக்காக அந்த ஜூரி யார் மேலும் வழக்குப் பதியவில்லை. போலீஸ் செய்தது நியாயமே என்று ஜூரியும் ஒப்புக்கொண்டதாக அட்டர்னி ஜெனரல் சொன்னார். ஜூரியில் இருந்த ஒருவர் கோர்ட்டில் அனுமதி வாங்கிக்கொண்டு சொன்னார்: கொலைக் குற்றச்சாட்டை எங்கள் முன் வைக்கவே இல்லை! அவர் பேசாதிருந்தால் பழி பன்னிரண்டு பேர் தலையில்.

‘நம்மூரில்தான் ஜூரியே இல்லையே’ என்பீர்கள். வாஸ்தவம். 1945-ல் பாகவதரையும் என்.எஸ்.கே.யையும் ஆறுக்கு மூன்று என்று குற்றவாளியாக்கிய ஜூரி முறையை, 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் துடைத்தெறிந்துவிட்டது. மூடிய கதவுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

1993. உங்கள் கடலூர் மாவட்டத்துக் கம்மாபுரம் போலீஸ் ஸ்டேஷன். ராஜாக்கண்ணு தப்பி ஓடிவிட்டார் என்றது போலீஸ். அவர் மனைவி நம்பவில்லை. ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டார். வாதாடிய வக்கீல் சந்துரு, பிற்பாடு நீதிபதியாகி ஓய்வும் பெற்றவர், அந்த வழக்கைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். 2021-ல் ‘ஜெய் பீம்’ வந்தது. அவர் ஜூரியல்ல, வக்கீல்தான். ஆனாலும் உள்ளேயிருந்து பார்த்த ஒருவர் பேசியதால்தானே உங்களுக்கும் எனக்கும் கம்மாபுரம் தெரியும்?

ஆக, இரண்டே கேள்வி கேளுங்கள். வேலை முடிந்துவிட்டதா? இந்தப் பேச்சு யாரைக் காப்பாற்றுகிறது? பதில் ‘என் பெயரை’ என்றால் வாயை மூடலாம். ‘செத்தவருக்கான நியாயத்தை’ என்றால் பேசியே ஆகவேண்டும்.

உங்கள் ஊரில் திரையை விலக்கினால் ஆகாசம். அது தரிசனம். கோர்ட்டில் திரையை விலக்கியும் ஒன்றுமில்லை என்றால் அதற்குப் பெயர் தரிசனம் இல்லை சார், மோசடி.