மிஸஸ் டர்ப்பின் சொன்ன நன்றி

பதவி உயர்வு கிடைத்தவர்கள் லிங்க்ட்இன்னில் போடும் பதிவுகளைப் பார்த்திருப்பீர்கள். ‘ஹம்பிள்ட்’ என்று ஆரம்பிக்கும். கடவுளுக்கு, மேனேஜருக்கு, டீமுக்கு, அம்மாவுக்கு என்று நன்றி வரிசையாகப் போகும். கீழே புது டெசிக்னேஷன். ஐடி வேலையில் பத்து வருஷம் தாண்டிவிட்டதால் இந்த மொழி எனக்கு அத்துப்படி. அந்தப் பதிவுகளில் பொய் கிடையாது, நன்றி நிஜமானதுதான். சிக்கலே அங்கேதான். நிஜமான நன்றிக்குள் அகங்காரம் எவ்வளவு சௌகரியமாகக் குடியிருக்கும் என்பதை ஃப்ளானரி ஓ’கானர் அளவுக்குக் கூர்ந்து பார்த்த எழுத்தாளர் எனக்குத் தெரிந்து யாருமில்லை.

அவருடைய ‘ரெவலேஷன்’ 1964இல் வெளிவந்த கதை. அமெரிக்கத் தெற்கில் ஒரு டாக்டரின் காத்திருப்பு அறை. மாடு உதைத்துக் காலில் புண்ணாகிப்போன கணவனோடு மிஸஸ் டர்ப்பின் வருகிறார். நிலம், பன்றிகள், நல்ல சுபாவம், சர்ச் எல்லாம் உள்ளவர். உட்கார்ந்ததும் முதல் வேலையாக எல்லோருடைய காலணிகளையும் ஓரக்கண்ணால் பார்த்து ஆளை எடைபோடுகிறார். ராத்திரி தூக்கம் வராதபோது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு, மனிதர்களைப் படிநிலையில் அடுக்குவது. கறுப்பர்கள், ஏழை வெள்ளையர்கள், வீடு உள்ளவர்கள், வீடும் நிலமும் உள்ளவர்கள் (இவர் இங்கே), அதற்கு மேல் பெரும் பணக்காரர்கள். ஆனால் நிலமும் நீச்சல்குளமும் வைத்திருக்கும் கறுப்பு பல் டாக்டரை எங்கே வைப்பது? நல்ல குடும்பத்தில் பிறந்து நொடித்துப்போனவரை? கணக்கு குழம்பி, தூக்கம் வரும்போது எல்லோரும் ஒரே சரக்கு ரயில் பெட்டியில் அடைபட்டு வாயு உலைக்குப் போகிறார்கள். அடுக்கு கடைசியில் எங்கே கொண்டுபோய் விடும் என்று ஒரே வாக்கியத்தில் காட்டிவிடுகிறார் ஓ’கானர். தமிழ் வாசகருக்கு இந்தப் பத்திக்கு உரை எழுதத் தேவையில்லை.

தன்னை இப்படிப் படைத்ததற்கு நன்றி இயேசுவே என்று மிஸஸ் டர்ப்பின் உருகி வாய்விட்டுச் சொல்லும் அந்தக் கணத்தில், எதிரே இருந்த கல்லூரிப் பெண் எறிந்த தடித்த பாடப்புத்தகம் அவர் கண்ணுக்கு மேல் வந்து விழுகிறது. அந்தப் பெண்ணின் பெயர் மேரி கிரேஸ். கிரேஸ் என்றால் கிருபை. ஓ’கானரிடம் கிருபை தடவிக்கொடுக்க வராது, இப்படித்தான் வரும்.

லூக்கா சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரத்தில் வரும் பரிசேயன், ஆயக்காரன் கதையின் மறுவடிவம் இது என்று வாசிப்பது எளிது. கதை அதைத் தாண்டிப் போகிறது என்பது என் வாசிப்பு. சாயங்காலம் பன்றிக்கொட்டிலில் நின்று கடவுளோடு சண்டை போடும் மிஸஸ் டர்ப்பினுக்கு ஒரு தரிசனம். ஆத்துமாக்கள் பரலோகம் ஏறுகின்றன. அவர் கீழே வைத்தவர்கள் எல்லாம் முன்னால், குதித்துக்கொண்டு. அவரைப் போன்ற கண்ணியவான்கள் கடைசியில், ராகம் பிசகாமல் பாடியபடி. அவர்களுடைய நற்குணங்களும் எரிந்துகொண்டிருக்கின்றன. பரிசேயனை ஓ’கானர் வெளியே தள்ளவில்லை, வரிசையில் விட்டுவைக்கிறார். கெட்டதை விடச் சொல்லாத மதம் உண்டா? சம்பாதித்த நல்லதும் எரியணும் என்பதைத் தாங்குவது அவ்வளவு சுலபம் இல்லை.

ஓ’கானரும் அந்த வரிசையில் பின்னால்தான் நிற்கவேண்டியிருக்கும். அவருடைய கடிதங்களில் இனவெறி இருக்கிறது. 1959இல் ஜேம்ஸ் பால்ட்வினை ஜார்ஜியாவில் சந்திக்க முடியாது, ஊரில் பிரச்சினையாகும் என்று மறுத்தார். 2020இல் மேரிலாந்து லொயோலா பல்கலைக்கழகம் ஒரு விடுதிக்கு வைத்திருந்த அவர் பெயரை எடுத்தது. ‘அவர் காலம் அப்படி’ என்ற சமாதானத்தை நான் ஏற்கவில்லை. பால்ட்வினும் அதே காலத்து ஆள்தான். ஆனால் அந்தக் காலணிப் பார்வையை இவ்வளவு துல்லியமாக வெளியே நின்று எழுத முடியாது என்றும் தோன்றுகிறது. எழுதிய கைக்குக் கதையில் தெரிந்தது, கடிதத்தில் தெரியவில்லை.

1946, 47இல் அயோவாவில் எழுத்துப் பட்டறை மாணவியாக இருந்தபோது ஒரு நோட்டில் ஜெபங்கள் எழுதிவந்தார். 2013இல்தான் புத்தகமாக வந்தது. சில பக்கங்கள் சிறுபிள்ளைத்தனமானவை, பக்தி கொஞ்சம் தூக்கல். ஆனாலும் கூச்சமே இல்லாமல் வெற்றியைக் கேட்கிறார். நல்ல எழுத்தாளராகணும், கதைகள் பிரசுரமாகணும். அப்படி ஆனால் கதை கடவுளுடையது, தான் அவர் கையிலிருக்கும் டைப்ரைட்டர் மாதிரி என்கிறார். ஆசையை மறைக்காமல் மேஜைமேல் வைத்துவிடுகிறார். எனக்கு இந்த நேர்மை, ‘ஹம்பிள்ட்’ என்ற சொல்லைவிடப் பல மடங்கு தாழ்மையாகத் தெரிகிறது.

1950 டிசம்பரில், 25 வயதில் நோய் வந்தது. லூபஸ், 1941இல் அப்பாவைக் கொன்ற அதே நோய். மூட்டுவலி என்று சொல்லி வீட்டில் மறைத்தார்கள், 1952இல் தோழி சாலி ஃபிட்ஸ்ஜெரால்டு சொல்லித்தான் தெரிந்தது. மில்லெட்ஜ்வில் பக்கத்தில் அம்மாவின் பண்ணையில் ஊன்றுகோலோடும் மயில்களோடும் இருந்தார், காலையில் மட்டும் எழுதினார்.

1958இல் உறவினர் வற்புறுத்தி லூர்துக்கு அனுப்பினார்கள். வேண்டாவெறுப்பாகப் போய், சுனைத் தண்ணீரில் இறங்கினார். அங்கே தன் எலும்புகளுக்காக ஜெபிக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்த நாவலுக்காகத்தான் ஜெபித்தேன் என்று பின்னால் ஒரு கடிதத்தில் சொல்கிறார். நம்ம ஊர் ஜெபக்கூட்டங்களில் சாட்சி சொல்லக் கேட்டவர்களுக்கு அந்த மூன்று படிகள் தெரியும்: நோய் வந்தது, ஜெபித்தோம், குணமானது. மூன்றாவது படி வந்தபிறகுதான் மைக் கையில் கிடைக்கும். ஓ’கானர் இரண்டாவது படியிலேயே வேறெதையோ கேட்டுவிடுகிறார். எனக்கு மதநம்பிக்கை கிடையாது. ஆனாலும் குணமாவதைச் சாராத ஒரு நம்பிக்கை எப்படி இருக்கும் என்று யோசிக்கும்போதெல்லாம் இந்த லூர்து ஜெபம்தான் ஞாபகம் வருகிறது. டைப்ரைட்டர் தன் ரிப்பேரைப் பற்றிப் பேசாமல் பேப்பர் கேட்கிறது.

1964இல் ஒரு அறுவை சிகிச்சைக்குப் பின் லூபஸ் மறுபடி கிளம்பியது. வேலை செய்யக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்க, ஆஸ்பத்திரித் தலையணைக்கு அடியில் நோட்டை ஒளித்துவைத்து எழுதினார். ஆகஸ்ட் 3ஆம் தேதி இறந்தபோது வயது 39. அந்தக் கடைசி மாதங்களில் முடித்த கதை ‘பார்க்கர்ஸ் பேக்’. உடம்பெல்லாம் பச்சை குத்திக்கொண்ட ஒருவன், மனைவியைச் சந்தோஷப்படுத்த முதுகில் கிறிஸ்துவின் முகத்தைக் குத்திக்கொண்டு வருகிறான். அவள் விக்கிரக ஆராதனை என்று கத்தி விளக்குமாற்றால் அடிக்கிறாள். முதுகிலிருக்கும் கிறிஸ்துவின் முகத்தில் தடிப்புகள் எழும்புகின்றன. அவன் வெளியே போய் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறான்.