காரணமுள்ள கறைகள்

தாளில் சிந்திய காப்பித் துளி காய்ந்ததும் நடுவே வெளிறிப்போய், ஓரத்தில் மட்டும் கறுத்து நிற்கும். 1997-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டீகனும் சகாக்களும் இதற்கான காரணத்தை 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். துளியின் விளிம்பு நகராமல் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆவியாவது அங்கேதான் அதிகம். அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓடிவருகிறது. கூடவே காப்பித்தூளையும் இழுத்துவந்து கரையில் ஒதுக்குகிறது.

இந்த இயற்பியல் நம் கண்ணுக்கு ஏற்கெனவே தெரியும். கணினி ஃபில்டர் போட்ட கறையையும் டிக்காஷன் போட்ட கறையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலாவதில் ஏதோ பொய் இருக்கிறது என்று எவரும் சொல்லிவிடுவார்கள். எது பொய் என்றுதான் சொல்லத் தெரியாது. ஒன்றுக்குக் காரணம் இருக்கிறது, இன்னொன்றுக்கு இல்லை. புகைப்படத்தின் மேல் போர்த்துவதற்காகக் கையால் செய்யப்படும் டெக்ஸ்சர்களை நான் ரசிப்பது இதனால்தான்.

செய்முறையில் கமுக்கம் ஒன்றுமில்லை. கெட்டி அட்டை, ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சு, அக்ரிலிக் வண்ணம், கசக்கிப் பிரித்த டிஷ்யூ தாள், கல்லுப்பு, ஃபெவிகால். ஈரமான நீர்வண்ணத்தில் உப்பைத் தூவினால் ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றியுள்ள நீரை உறிஞ்சி, வெளிறிய நட்சத்திரம் ஒன்றை விட்டுவிட்டுப் போகும். எனக்கு அதைவிடப் பிடித்தது வெடிப்பு. ஃபெவிகாலைத் தடவி, விரலில் ஒட்டும் பதத்துக்கு வந்ததும் மேலே வண்ணத்தை ஒரே இழுப்பில் இழுத்துவிட வேண்டும். திரும்ப ஒருமுறை தூரிகை பட்டால் எல்லாம் குழம்பிவிடும். காய்கிற வண்ணம் சுருங்கும், கீழே இன்னும் இளகியிருக்கும் பசை பிடிகொடுக்காது, மேற்பூச்சு பிளக்கும். பூச்சு கெட்டியாக இருந்தால் அகலப் பாளங்கள், மெலிதாக இருந்தால் முட்டையோட்டுக் கீறல்கள். வற்றிய ஏரிப் படுகையும் பழைய பீங்கான் தட்டும் இதே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. உற்றுப் பாருங்கள்: பிந்தி வந்த விரிசல், முந்தி வந்ததைப் பெரும்பாலும் செங்குத்தாகத்தான் போய் முட்டும். எது அண்ணன், எது தம்பி என்று ஒரு அட்டையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் படிக்கலாம். நான் படித்திருக்கிறேன்.

தேநீரில் ஊறிய தாள்மேல் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு, சற்று வினிகர் தெளித்து இரவு முழுக்க விடுவது இன்னொரு வழி. காலையில் ஆணி கிடந்த இடத்தில் நீலங்கலந்த கறுப்பு. தேநீரின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் வரும் கறுப்பு அது. கலம்காரிக்காரர்கள் கடுக்காயில் நனைத்த துணியில், வெல்லமும் இரும்பும் ஊறவைத்த நீரால் கோடு இழுக்கும்போது கறுத்து எழுவதும் இதே வேதியியல்தான். கலம்காரி ஊரான சிக்கல்நாயக்கன்பேட்டையில் தறித்துணியில் நடப்பதை நம் சமையலறை மேடையில் ஒரு ஏ4 தாளில் நடத்திக்கொள்கிறோம், அவ்வளவே.

காய்ந்தபின் ஸ்கேனர். காய்ந்தபின் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பொறுமையில்லாமல் கண்ணாடியில் கவிழ்த்து, ஃபெவிகாலைப் பிளேடால் சுரண்டி எடுத்தவன் நான். ஏ4 தாளை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய மூன்றரைக் கோடி பிக்சல்கள் கிடைக்கும். எந்தப் படத்துக்கும் தாராளம். மேடுபள்ளம் அதிகமுள்ள அட்டையை மட்டும் மெல்லிய வகை ஸ்கேனரில் வைக்காதீர்கள். கண்ணாடியை ஒட்டியதைத்தான் அது தெளிவாகப் பார்க்கும். அதைவிட ஜன்னலோரம் வைத்து, பக்கவாட்டில் சரிந்து விழும் காலை வெயிலில் கேமராவால் எடுப்பது மேல். ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு குட்டி நிழல் விழும்.

அந்த நிழலில்தான் பலரும் சறுக்குகிறார்கள். முகத்தில் இடப்பக்கத்திலிருந்து ஒளி விழ, போர்த்திய டெக்ஸ்சரின் மேடுகளுக்கு நிழலும் இடப்பக்கமே விழுந்தால், பார்ப்பவருக்குக் காரணம் பிடிபடாமலே படம் உறுத்தும். டெக்ஸ்சரைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தால் அங்கே ஒரு வேடிக்கை. வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் மூளை எண்ணிப் பழகியது. அட்டையைத் தலைகீழாக்கினால் மேடெல்லாம் பள்ளமாகத் தெரியும். நிலவின் குழிகளைத் தலைகீழாகப் பார்த்தால் கொப்புளங்களாகத் தெரிவதும் இதனால்தான்.

இப்படிப் படத்தின் மேல் போர்த்த உதவும் லேயர்கள் ஃபோட்டோஷாப்பில் 1994-ல் வந்தன. மல்டிப்ளை என்ற கலப்புமுறை பெயருக்கேற்ற பெருக்கல்: வெள்ளை மறையும், கறை மட்டும் படத்தில் தங்கும். சாஃப்ட் லைட்டில் நடுச்சாம்பல் மறைந்து, அதைவிட வெளுத்ததும் கறுத்ததும் மட்டும் வேலை செய்யும். மற்றதெல்லாம் கை அளவு. சமையலில் பெருங்காயம் போல. இருப்பது தெரிய வேண்டும், முன்னால் வந்து நிற்கக் கூடாது. கண்ணிமைமேல் விரிசல் ஓடவிட்டவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை. காசு கொடுத்து வாங்கிய ஒரே வெடிப்புத்தாள் கல்யாண ஆல்பத்திலும் நாவல் அட்டையிலும் பக்திச் சுவரொட்டியிலும் வந்து நிற்பதையும்தான்.

இந்த ஆசை கணினிக்கு முந்தியது. புகைப்படக்காரர் எட்வர்ட் ஸ்டைக்கன் 1904-ல் எடுத்த நிலவொளிக் குளத்தின் பிளாட்டினப் பிரதிமேல், ஒளியுணர் பசை வண்ணங்களைக் கையால் பூசினார். அறியப்பட்ட பிரதிகள் மூன்று. மூன்றும் ஒன்றுபோல் இல்லை. 2006-ல் ஒன்று 29 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925-ல் ஒரு கடலோர விடுதியில் தேய்ந்த தரைப்பலகைமேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து, மர ரேகைகளில் காடுகளையும் விலங்குகளையும் கண்டார். 'சாண்ட்மேன்' சித்திரக்கதையின் 75 இதழ்களுக்கும் அட்டை செய்த டேவ் மெக்கீனை நான் எல்லாரையும்விட மேலே வைப்பேன். தொடக்கத்தில் வண்ணமும் பொருட்களும் மரச்சட்டங்களுமாகக் கையால் கட்டிப் படமெடுத்தார். பிறகு கணினிக்கு மாறியபோதும் அந்தத் தூசியையும் கீறலையும் கூடவே கொண்டுபோனார். அவர் அட்டைகளில் இருட்டுக்கும் ஒரு சொரசொரப்பு உண்டு.

சென்ற வருடம் சித்தியைப் படமெடுத்தேன். பின்னால் புதிதாக டிஸ்டெம்பர் அடித்த மொழுக்கைச் சுவர். அதன்மேல் என் வெடிப்பு அட்டை ஒன்றையும் ஆணிக்கறைத் தாளையும் போர்த்தி, முகத்திலும் கையிலும் மாஸ்க் வைத்து முழுக்க அழித்தேன். பிரிண்ட் போட்டுக் கொடுத்தபோது சித்தி தன் முகத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. விரலால் சுவரைத் தடவினார்.

“பாத்தியா, போன மழையில ஊறினது. அப்பவே சொன்னேன் உங்க சித்தப்பாகிட்ட, மொட்டைமாடித் தண்ணி எறங்குதுன்னு.”